‘மரம் வெட்டப் போனவங்கதானே?’ - ஈஸ்டர் முடிந்த இரண்டாம் நாள் ஜவ்வாது மலை கேட்ட கேள்வி!

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலை ஏறினால் காவலூர். திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைமேல் இருக்கும் சின்ன ஊர். ஆனால், வானியல் படித்தவர்களுக்கு வெளிநாட்டில்கூட இந்தப் பெயர் தெரியும். 1960-களின் இறுதியில் விஞ்ஞானி வேணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986-ல் இங்கே செயல்பாட்டுக்கு வந்தது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-ல் உலகம் தெரிந்துகொண்டதில் காவலூருக்கும் பங்கு உண்டு.

இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம், இருட்டு. நகரத்து விளக்குகளின் வெளிச்சம் எட்டாத, சுத்தமான இருட்டு.

அதே மலைத்தொடரில், அதே இருட்டில், சில வீடுகள் வேறொன்றுக்காகக் காத்திருந்தன. வேலைக்குப் போன ஆண்கள் திரும்பி வரும் காலடிச் சத்தத்துக்காக.

2015 ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை. ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். ஜவ்வாது மலைக் கிராமங்களிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. ‘செம்மரம் கடத்த வந்தவர்கள் கற்களாலும் கோடாரிகளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம்’ என்றது ஆந்திர சிறப்புக் காவல் படை.

அந்த வருடம் ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரல் 5. தேவாலயங்களில் உயிர்ப்புப் பெருவிழா முடிந்து இரண்டே நாள். பெரிய வெள்ளியன்று சிலுவைக்கு முன்னால் கண்ணீர் விட்டவர்கள், செவ்வாய்க்கிழமை மாலை டி.வி-யில் அந்தச் செய்தியைப் பார்த்தார்கள். வரிசையாகக் கிடந்த உடல்கள். பக்கத்திலேயே செம்மரக் கட்டைகள்.

அப்போது பல வீடுகளில், பல டீக்கடைகளில் ஒரே கேள்விதான் வந்தது.

‘மரம் வெட்டப் போனவங்கதானே?’

கேள்வி மாதிரி தெரியும். உண்மையில் அது தீர்ப்பு. அந்த ஒரு வரியோடு பேச்சை முடித்துக்கொண்டு அடுத்த சேனலுக்குப் போய்விடலாம். ஆனால், சிலுவையைக் கும்பிடுகிற ஒருவருக்கு அப்படிப் போய்விட முடியுமா?

இரண்டு பக்கமும் யார் இருந்தார்கள்?

சிலுவைக் காட்சியைச் சின்ன வயதிலிருந்தே எல்லோரும் பார்த்திருப்பார்கள். நடுவில் இயேசு. வலதுபுறம் ஒருவர், இடதுபுறம் ஒருவர். இருவரும் கள்வர்கள்.

ரோமானிய அரசின் கணக்கில் அன்று மூன்று பேருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவ்வளவுதான். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் எத்தனை பேர், ‘ஏதோ தப்பு செஞ்சிருப்பாங்க’ என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள்?

லூக்கா எழுதிய நற்செய்தியில் அந்த இருவரில் ஒருவர் பேசுகிறார். தனக்குக் கிடைத்தது தான் செய்ததற்கான தண்டனை என்று ஒப்புக்கொள்கிறார். நடுவில் இருப்பவர் தவறு ஏதும் செய்யவில்லை என்றும் சொல்கிறார். பிறகு, தன்னை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்கிறார். பரலோக வாழ்வு பற்றிய வாக்குறுதி, அந்தக் கடைசி நேரத்தில், ஒரு கள்வருக்குத்தான் கிடைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இரக்கம் காட்டுவதற்கு முன் அவர் நிரபராதியா என்று யாரும் விசாரிக்கவில்லை. குற்றவாளி என்று தெரிந்தே காட்டப்பட்ட இரக்கம் அது. இரண்டாவது, உண்மை மறைக்கப்படவில்லை. யார் தப்பு செய்தார், யார் செய்யவில்லை என்பது அந்த வேதனையிலும் தெளிவாகச் சொல்லப்பட்டது. உண்மையைப் பேசிய பிறகுதான் இரக்கம் வந்தது.

‘மரம் வெட்டப் போனவங்கதானே?’ என்ற வரி இந்த இரண்டையுமே இழந்துவிடுகிறது. அதில் இரக்கமும் இல்லை. உண்மையைத் தேடும் எண்ணமும் இல்லை.

செம்மரத்தின் கதை

உண்மை என்ன என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

செம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், முக்கியமாக ஆந்திராவின் சேஷாசலம், அதைச் சுற்றிய காடுகளில்தான் வளர்கிறது. சீனா, ஜப்பான் போன்ற நாடுகளில் இதற்குப் பெரிய கிராக்கி. வெட்டுவதும் கடத்துவதும் சட்டப்படி குற்றம்.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சாமையும் புளியும் தேனும்தான் பிழைப்பு. நிலம் மானாவாரி. மழை பொய்த்தால் அந்த வருடம் போச்சு. கோடாரி பிடிக்கத் தெரிந்த கைகள் அவர்களுக்கு உண்டு. அதைத் தெரிந்துவைத்திருக்கும் புரோக்கர்கள் முன்பணத்தோடு மலை ஏறி வருவார்கள். மேஸ்திரி வேலை, பெயின்ட் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போவதும் உண்டு. என்ன வேலை என்று தெரிந்தே போனவர்களும் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால், கட்டை கப்பல் ஏறும்போது கிடைக்கும் லாபத்தில் மலை வீட்டுக்கு வருவது சில நாள் கூலி மட்டும். காட்டுக்குள் குண்டடி பட்டுச் சாவது எப்போதும் கூலிக்குப் போனவர்தான். பணம் போட்டு நடத்துகிற முதலாளி அந்தக் காட்டுப் பக்கமே வருவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2013 டிசம்பரில் இதே சேஷாசலம் காட்டில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் கடத்தல் கும்பலால் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். கடமையைச் செய்யப் போனவர்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது. வாசலில் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். மலைக் குடும்பங்களுக்காக அழுகிற ஒருவர் இந்த இரண்டு குடும்பங்களை மறந்தால், அந்த அழுகையிலும் குறை இருக்கிறது.

அந்தக் கொலைகளுக்காக நூற்றுக்கணக்கான தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் கைதானார்கள். பலர் நீண்ட காலம் விசாரணைக் கைதிகளாகவே சிறையில் கிடந்தார்கள். 2016 மார்ச்சில் திருப்பதி நீதிமன்றம் 280-க்கும் மேற்பட்டோரை விடுதலை செய்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

யோசித்துப் பார்த்தால், இதில் தோற்றது இரண்டு தரப்பும்தான். நிரூபிக்க முடியாத வழக்கில் மாதக்கணக்கில் சிறையில் இருந்தவர்களுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. கொல்லப்பட்ட அதிகாரிகளின் குடும்பங்களுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. கூட்டமாகப் பிடித்துப் போடுவதால் ஒரு கொலைக்கு நீதி கிடைத்துவிடாது.

பஸ்ஸில் ஒரு இருக்கை

2015 சம்பவத்துக்குப் பிறகு, உயிர் தப்பியவர்கள் சிலர் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். தங்களுடன் வந்தவர்களை முந்தைய நாளே போலீஸ் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனது என்பது அவர்கள் தரப்பு. ஒருவர் தப்பியதற்குச் சொன்ன காரணம் அன்று பலரை உலுக்கியது. பஸ்ஸில் அவர் ஒரு பெண்ணின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கணவன், மனைவி என்று நினைத்து அவரை விட்டுவிட்டார்கள்.

காட்டில் மோதல் நடந்தது என்று போலீஸ் சொன்னது. பஸ்ஸிலேயே பிடித்துவிட்டார்கள் என்று சாட்சிகள் சொன்னார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. எது உண்மை என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். டீக்கடையும் அல்ல, துப்பாக்கியும் அல்ல.

இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்ல வேண்டியதில்லை. சட்டமே சொல்கிறது. அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு உயிர் வாழும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும்தான். சேஷாசலம் சம்பவத்துக்கு ஏழு மாதங்கள்கூட ஆகாத முன்பு, 2014 செப்டம்பரில், என்கவுன்டர் மரணங்களுக்கு உச்ச நீதிமன்றம் 16 வழிமுறைகளை வகுத்திருந்தது. எஃப்.ஐ.ஆர் பதிவு செய்ய வேண்டும், சம்பந்தப்பட்ட காவல் நிலையம் அல்லாத வேறு தனி அமைப்பு புலனாய்வு செய்ய வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. மரம் வெட்டியது நிரூபணமாகியிருந்தால் தண்டனை சிறை. மரணம் அல்ல.

இறந்தவர்களில் ஒருவரின் மனைவி, சம்பவம் நடந்த எல்லைக்குட்பட்ட சந்திரகிரி காவல் நிலையத்துக்கே புகாரோடு போனார். மொழி வேறு, மாநிலம் வேறு. எதிரில் இருப்பது போலீஸ். இருந்தும் போனார். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு கொலை வழக்கு பதிவானது. அவர் கணவரின் உடலோடு மற்ற சில உடல்களும் உடனே அடக்கம் செய்யப்படாமல் மறு பிரேதப் பரிசோதனைக்காகக் காத்திருந்தன. கட்டியவரைப் புதைக்கவிடாமல் காத்திருக்கும் மனைவியின் அந்த நாள்களை யாராலும் எழுதிக் காட்டிவிட முடியாது.

இயேசு சொன்ன கதைகளில் ஒரு கைம்பெண் வருகிறார். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத ஒரு நீதிபதியிடம் அவர் திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்கிறார். தொல்லை தாங்காமல் அந்த நீதிபதி கடைசியில் நியாயம் செய்கிறார். சலிக்காமல் ஜெபிப்பதற்கு உதாரணமாகத்தான் இந்தக் கதை பிரசங்கங்களில் சொல்லப்படும். ஆனால், கதையில் அந்தப் பெண் கேட்டது பணமோ, சுகமோ அல்ல. நியாயம். இயேசு ஜெபத்துக்கு உதாரணம் தேடியபோது, கோர்ட் வாசலில் நிற்கும் ஒரு ஏழைப் பெண்ணைத்தான் எடுத்துக்கொண்டார்.

உறுதி என்றால் என்ன?

விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடக்கும் பழங்குடிகளைப் பற்றிப் பேசும்போது ஒரு தமிழ்ப் பாதிரியாரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்டேன் சுவாமி. 1937-ல் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. வாழ்க்கையின் பெரும்பகுதியை ஜார்க்கண்ட் பழங்குடிகளோடு கழித்தார். விசாரணையே முடியாமல் வருடக்கணக்கில் சிறையில் இருக்கும் பழங்குடி இளைஞர்களைப் பற்றி ஆய்வு செய்தார். அவர்களுக்காக ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

கடைசியில் அவரே விசாரணைக் கைதியானார். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8-ம் தேதி, 83 வயதில், ராஞ்சியில் என்.ஐ.ஏ அவரைக் கைது செய்தது. மாவோயிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டை அவர் மறுத்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்கும் குவளை வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருந்தது. உடன் இருந்த கைதிகள் தனக்குச் சாப்பாடு ஊட்டுவதையும் குளிக்க உதவுவதையும் பற்றிச் சிறையிலிருந்து நண்பர்களுக்கு எழுதினார். 2021 ஜூலை 5-ம் தேதி, ஜாமீன் மனு விசாரணையில் இருந்தபோதே, மும்பை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 84. வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை.

‘உறுதி’ என்றால் கோபமாகக் குரல் உயர்த்துவது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த முதியவரைப் பார்த்தால் வேறு அர்த்தம் புரியும். யாருக்காகப் பேசினாரோ, அவர்கள் இருந்த இடத்துக்கே போய்ச் சேர்வது. அங்கேயும், தனக்குச் சோறு ஊட்டிய கையைக் கவனித்து நன்றி சொல்வது.

மன்னிப்பு யாருடையது?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். ‘கிறிஸ்தவர்கள் மன்னிக்க வேண்டும் என்றுதானே சொல்வார்கள்? பிறகு ஏன் வழக்கு, விசாரணை, நீதி?’

இதற்குப் பதில் ஒடிசாவில் இருக்கிறது. அந்தப் பதிலுக்கு நீலகிரியோடும் ஓர் உறவு உண்டு.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரஹாம் ஸ்டெயின்ஸ், ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்காகப் பல வருடங்கள் வேலை செய்தவர். அவருடைய பிள்ளைகள் படித்தது ஊட்டியில். விடுமுறைக்குப் போயிருந்த மகன்கள் பிலிப், தீமோத்தேயு இருவரையும் அழைத்துக்கொண்டு மனோகர்பூர் கிராமத்துக்குப் போனார். 1999 ஜனவரி 22 நள்ளிரவு கடந்து, வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த மூவரையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. மூத்தவனுக்கு 10 வயது, சின்னவனுக்கு 6.

மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். நாடே அதிர்ந்து பார்த்தது. அதோடு அவர் ஊருக்குக் கிளம்பிவிடவில்லை. 2004 வரை அங்கேயே இருந்து தொழுநோயாளிகளைக் கவனித்துக்கொண்டார். 2005-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால், பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை. அவரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். முக்கியக் குற்றவாளிக்கு 2003-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005-ல் ஒடிசா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

மன்னிப்பு, காயப்பட்டவரின் சொத்து. அவராக விரும்பித் தரலாம், தராமலும் இருக்கலாம். வெளியிலிருந்து யாரும் அதைக் கேட்டு வாங்க முடியாது. அவருக்குப் பதிலாக யாரும் கொடுத்துவிடவும் முடியாது. மற்றவர்களுக்கு இருப்பது வேறு கடமை. உண்மை வெளிவரவும் நியாயம் நடக்கவும் துணை நிற்பது. கணவனைப் பறிகொடுத்த மலைப்பெண்ணிடம், ‘விடும்மா, எல்லாத்தையும் கடவுள் பாத்துக்குவார்’ என்று சொல்வது ஆறுதல் மாதிரி இருக்கும். சொல்பவரின் சுமையைத்தான் அது இறக்கிவைக்கிறது. அவருடைய சுமை அப்படியே இருக்கிறது.

மீகா தீர்க்கதரிசி, கடவுள் மனிதரிடம் கேட்பது என்ன என்று மூன்றே விஷயங்களில் சொல்லி முடித்தார். நியாயம், இரக்கம், மனத்தாழ்மை. இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. இரக்கம் இல்லாத நியாயம் துப்பாக்கியில் போய் முடியலாம். நியாயம் இல்லாத இரக்கம் ஒரு மூட்டை அரிசியோடு முடிந்துவிடலாம். இரண்டிலும், ‘நான்தான் சரி’ என்ற நினைப்பைத் தடுக்க மனத்தாழ்மை தேவைப்படுகிறது.

செய்யக்கூடியது சின்னதுதான்

ஜவ்வாது மலையின் மலையாளி மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். அவர்களுக்கு அவர்களின் தெய்வங்கள் உண்டு. அதனால் என்ன? எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவரின் மதத்தை நல்ல சமாரியர் விசாரிக்கவில்லை. கட்டுப்போட்டு, விடுதியில் சேர்த்து, செலவுக்கும் பணம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இன்றைக்கு அந்தக் கட்டும் விடுதியும் எதுவாக இருக்கலாம்? பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. 1987-ல் வந்த சட்டம் அது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இந்தத் தகவல் தெரியாமலேயே வெளி மாநிலச் சிறையில், புரியாத மொழியில், யாரோ காட்டிய தாளில் கைநாட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சபையோ, ஓர் இளைஞர் குழுவோ வாரத்தில் ஒரு நாள் இந்த வேலைக்கு ஒதுக்கினால், அதுவும் ஆராதனைதான்.

அதுவும் முடியாதவர்கள் குறைந்தபட்சம் அந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருக்கலாம். அடுத்த முறை டி.வி-யில் அப்படி ஒரு செய்தி வரும்போது, ‘மரம் வெட்டப் போனவங்கதானே?’ என்று யாராவது ஆரம்பித்தால், ‘போனவங்க வீட்ல யார் யார் இருக்காங்க?’ என்று கேட்கலாம்.

காவலூருக்கு நட்சத்திரம் பார்க்க இன்றும் மக்கள் வருகிறார்கள். பள்ளிக் குழந்தைகள், குடும்பங்கள், காதலர்கள். இருட்டு நல்லதுதான், வானம் தெளிவாகத் தெரியும் என்று அங்கே சொல்லித் தருவார்கள். அந்த மலையிலிருந்து இறங்கும்போது, சாலையோர வீடுகளில் எரியும் ஒற்றை பல்புகளையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வரலாம். 2015-ல் அப்பாவை இழந்த குழந்தைகள் இப்போது வளர்ந்திருப்பார்கள். அவர்களில் சிலர் வேலை தேடும் வயதுக்கும் வந்திருப்பார்கள். புரோக்கர் மறுபடி மலை ஏறி வரும்போது அவர்களுக்கு வேறு வழி இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் ஈஸ்டர் ஞாயிறு வருகிறது. அதிகாலை ஆராதனையும் புதுத்துணியும் பிரியாணியும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.